மறையொலியும் போரொலியும்

போர் என்பது களத்தில் மட்டும் நடப்பதன்று. களத்திற்குப் பல்லாயிரங் கல் தொலைவில், உண்டு முடித்து ஓய்ந்திருக்கும் ஒருவன் செவியிலும் அது நடக்கின்றது. குண்டு வீசுவோனுக்குப் படைக்கலம் வாங்கப் பணம் வேண்டும். பணம் ஒதுக்க அரசு இசைய வேண்டும். அரசு இசைய, அவ் வரசுக்கு ஒப்போலை (வாக்கு) இடுவோன் வாளாவிருக்க வேண்டும். அன்றேல் மகிழ்ந்து தலையசைக்க வேண்டும். அத் தலையசைப்பைப் பெற்றுத் தருவோர் யார்? இக் கட்டுரை அவர்களைப் பற்றியது.

அமெரிக்க நாட்டின் நடுப்பகுதியிலுள்ள கான்சசு மாநிலத்தில் கோதுமை விளைக்கும் உழவன் ஒருவனை எண்ணிக்கொள்க. அவன் இலெபனான் மலையைக் கண்டவனல்லன். யோர்தான் ஆற்றுநீரைத் தொட்டவனல்லன். அரபு மொழியோ எபிரேய மொழியோ ஓரெழுத்தும் அறியான். ஆயினும், அம் மண் யாருக்குரியது, அங்கு யார் வாழலாம், யார் வெளியேற வேண்டும் என்று கேட்டால் நொடியும் தயங்காமல் விடை கூறுவான். அண்டை வயலின் வரப்புச் சண்டையிற்கூட இருபுறமும் கேட்டே தீர்ப்புச் சொல்லும் அந் நல்லவன், கடல்கடந்த சண்டையில் ஒருபுறத்தையும் நேரிற் கேளாமல் முடிவு கட்டியது எவ்வாறு? மாலைதோறும் அவன் வீட்டுக்குள் ஒரு குரல் வருகின்றது. அக் குரல் இறைவன் பெயரால் தொடங்கும். விவிலியத்தை விரித்துக் காட்டும். அன்றைய போர்ச்செய்தியை அதன்மேல் ஒட்டிவைக்கும். கண்ணீரோடு வேண்டுதல் செய்யும். இறுதியில் பணம் விடுக்க வேண்டிய முகவரியைச் சொல்லும். அவனறிந்த வெளிநாட்டரசியல் இவ்வளவே.

கிறித்தவத்தைப் பழிப்பது எம் நோக்கமன்று. நம் மொழிஞாயிறு பாவாணர் பிறப்பாற் கிறித்தவர். உலகத் தமிழாராய்ச்சி மன்றத்தை 1964-இல் தோற்றுவித்த தனிநாயக அடிகளார் கத்தோலிக்கத் துறவி. திருவாசகத்தை ஆங்கிலத்திற் பெயர்த்த போப்பையரும் மறைப்பணிக்கு வந்தவரே. இங்குக் கடியப்படுவது சமயமன்று. சமயத்தைப் போர்வையாய்ப் போர்த்து அயலான் மண்ணிற் கொலைக்கு ஒப்புதல் திரட்டும் ஒலிபரப்பு வணிகமே.

முதல் ஒலிவாங்கி

இவ் வணிகம் நேற்றுத் தோன்றியதன்று. மிச்சிகன் மாநிலத்தின் இராயல் ஓக்கு என்னும் ஊரில் சார்லசு கோக்லின் என்னும் கத்தோலிக்க அருட்பணியாளர் 1926-இல் வானொலியிற் பேசத் தொடங்கினார். தொடக்கத்திற் சிறுவர்க்கு மறைக்கதை சொன்னவர், பொருளியற் சரிவு வந்ததும் அரசியல் பேசினார். ஞாயிறுதோறும் கோடிக்கணக்கானோர் அவர் குரலுக்குக் காத்திருந்தனர். 1935-ஆம் ஆண்டு சனவரியில், பன்னாட்டு முறைமன்றத்தில் அமெரிக்கா சேர்வதற்கான தீர்மானம் அந்நாட்டு மேலவையின் முன் வந்தது. குடியரசுத் தலைவர் உரூசுவெல்ட்டு அது நிறைவேறும் என்றே நம்பியிருந்தார். வாக்கெடுப்புக்கு முன்வந்த ஞாயிறன்று கோக்லின் வானொலியில் முழங்கினார். உடனே தொலைவரி (தந்தி) விடுக்குமாறு கேட்போரை ஏவினார். தொலைவரிகள் வெள்ளமாய்க் கொட்டின. சார்பாக 52, எதிராக 36. மூன்றில் இருபங்கு வேண்டியிருந்தமையின் ஏழு வாக்குக் குறைவால் தீர்மானம் வீழ்ந்தது. எதிர்ப்பில் வேறு தாளிகைகளும் தலைவர்களும் பங்கு கொண்டனர் எனினும், ஒலிவாங்கி முன் நின்ற ஒரு சமயப்பணியாளர் ஒரு பேரரசின் வெளிநாட்டுக் கொள்கையைத் திருப்பலாம் என்று உலகம் அன்று கண்டது.

அதே குரல் பின்னர் என் செய்தது? 1938-இல் யூதரைப் பழிக்கும் பொய்ந்நூலொன்றைத் தம் இதழில் வெளியிட்டார். அவ் வாண்டு நவம்பரில் செருமானியில் யூதர்தம் கோவில்களும் கடைகளும் எரிக்கப்பட்ட பத்து நாள் கழித்து, அக் கொடுமைக்குப் பொதுவுடைமையரே கரணியம் என்று வானொலியிற் கதை கட்டினார். அடிவாங்கியவனையே குற்றவாளியாக்கினார். நியூயார்க்கு நிலையம் ஒன்று அவ் வுரைக்குப்பின் அவர் பேச்சைத் தொடர்ந்து பரப்ப மறுத்தது. 1942-இல் பேராயர் ஆணையால் அவர் வாய் மூடிற்று. ஆயினும், அதற்குள் செருமானியிலிருந்து தப்பியோட வழி தேடிய யூத ஏதிலியர்க்கு எதிராகப் பல நெஞ்சங்கள் கல்லாக்கப்பட்டுவிட்டன.

அன்று யூதர், இன்று பாலத்தீனர். இலக்கு மாறிற்று, முறை மாறவில்லை.

பணமும் முன்னுரைப்பும்

முன்னர் அமெரிக்க நிலையங்கள் சமய நிகழ்ச்சிகட்கு இலவயமாக நேரம் ஒதுக்கின. விலைக்கு விற்கும் நேரத்தையும் பொதுத்தொண்டுக் கணக்கிற் காட்டலாம் என்று அந்நாட்டு ஒலிபரப்பு ஆணையம் 1960-இல் வழிவிட்டது. இலவயமாகக் கொடுத்ததை விற்கலாம் என்றபின் யார் இலவயமாகக் கொடுப்பர்? அடக்கமாகப் பேசிய பழந்திருச்சவைகள் பின்னுக்குப் போயின. நேரத்தை விலை கொடுத்து வாங்க வல்ல முழக்கப் பேச்சாளர் முன்னுக்கு வந்தனர். விலை கொடுக்கப் பணம் வேண்டும். கேட்போரிடமே பணம் பெற வேண்டும். கேட்போர் பணம் தர வேண்டுமாயின் ஒவ்வொரு கிழமையும் அவர் நெஞ்சு பதற வேண்டும்.

வர்சீனியாவிற் பேட்டு இராபர்ட்சன் என்பவர் 1961-இல் ஒரு சிறு தொலைக்காட்சி நிலையத்தைத் தொடங்கினார். 1963-இல், மாதம் பத்துத் தாலர் தர எழுநூற்றுவர் முன்வந்தால் செலவு சரிக்கட்டும் என்று கணக்கிட்டுக் காட்சியில் தோன்றிக் கேட்டார். எழுநூற்றுவர் கழகம் என்னும் அவர்தம் புகழ்பெற்ற நிகழ்ச்சியின் பெயர் அக் கணக்கிற் பிறந்ததே. 1977-இல் செயற்கைக்கோள் வழியே நாடு முழுதும் பரவினார். 1988-இல் குடியரசுத் தலைவர் பதவிக்கே போட்டியிட முயன்றார். 2023-இல் மறைந்தார்.

நெஞ்சைப் பதறவைக்க அவர்கட்குக் கிடைத்த பெருஞ்சரக்கு ஊழிமுடிவுக் கோட்பாடு. யூதர் தம் பழைய மண்ணுக்குத் திரும்புவர். பேரழிவுப் போர் மூளும். அதன்பின் கிறித்து வருவார் என்று நாள்வரிசை வகுக்கும் கோட்பாடு அது. திருச்சவையின் தொன்மைக் கொள்கை போல அதனைக் காட்டுவர். உண்மையில், சான் தார்பி என்னும் போதகர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வகுத்த முறை அது. 1909-இல் அமெரிக்காவில் வெளிவந்த இசுகோபீல்டு விளக்கவுரை விவிலியத்தால் ஊர்தோறும் பரவிற்று. 1970-இல் ஆல் இலின்சே என்பார் எழுதிய ஊழிமுடிவு நூல் அதனைக் கோடிக்கணக்கான வீடுகளிற் சேர்த்தது. மூலநூலின் அடியில் அச்சிட்ட உரையைப் படிப்போர் மூலமென்றே மயங்கினர். உரையை மூலமாகக் கொள்வதால் வருங் கேட்டைத் தமிழ்ப் புலவராகிய நமக்கு எவரும் விளக்க வேண்டுவதில்லை.

இலெபனான் மலையில்

இக் கோட்பாடு ஏட்டளவில் நின்றிருப்பின் நமக்கென்ன? நிற்கவில்லை. 1978-இல் இசுரேல் தென்னிலெபனானுக்குட் படை செலுத்திற்று. இலெபனான் படையிலிருந்து பிரிந்த சாது அத்தாது என்னும் படைத்தலைவர், இசுரேலின் துணையோடு எல்லைப்பகுதியைப் பிடித்துக்கொண்டு, 1979 ஏப்பிரலில் அதனைத் தனி விடுதலை நாடென்று சாற்றினார். அவ் வாண்டே அப் பகுதியில் ஒரு வானொலி நிலையம் எழுந்தது. நம்பிக்கைக் குரல் என்பது அதன் பெயர். நிறுவியவர் கலிபோர்னியாவைச் சேர்ந்த சார்சு ஓட்டிசு என்னும் நற்செய்திப் பணியாளர். பாட்டும் மறையுரையும் அதில் வந்தன. அவற்றிற்கிடையே அத்தாதின் அறிவிப்புகளும் எச்சரிக்கைகளும் வந்தன. அடுத்துத் தொடங்கிய தொலைக்காட்சி நிலையத்தை 1982-இல் இராபர்ட்சனின் நிறுவனம் ஏற்றுக்கொண்டது. கூலிப்படையின் காவலில், பிடிக்கப்பட்ட மண்ணில், அமெரிக்க ஏழை முதியவளின் பத்துத் தாலரில் அந் நிலையங்கள் நடந்தன. நற்செய்தி பரவுகிறது என்றே அவள் நம்பியிருப்பாள். 2000-ஆம் ஆண்டு மே மாதம் இசுரேற்படை வெளியேறியபோதே அவ் வொலிபரப்பும் அங்கிருந்து வெளியேறிற்று. படை வரும்போது வந்து, படை போகும்போது போகும் நற்செய்தி யாருடைய நற்செய்தி?

அவர்கள் நாட்டுத் தலைவர்களோடும் நேரே உறவாடினர். தொலைக்காட்சிப் போதகர் செரி பால்வெல்லுக்கு இசுரேல் தலைமையமைச்சர் பெகின் 1980-இற் பதக்கம் அணிவித்தார். 1981 சூன் 7-ஆம் நாள் இசுரேலிய வானூர்திகள் ஈராக்கின் அணுவுலையைத் தகர்த்தன, உலகம் கண்டித்தது, அப்போது பெகின் தொலைபேசியில் நாடிய அமெரிக்கருள் பால்வெல்லும் ஒருவர். அமெரிக்க மக்களுக்கு அச் செயலை விளக்கிச் சொல்லத் தக்கவர் அவரென்று பெகின் சரியாகவே கணித்திருந்தார்.

1982-ஆம் ஆண்டு முடிவதற்குள் உலகின்மேல் இறைத்தீர்ப்பு வரும் என்று இராபர்ட்சன் ஈராண்டு முன்னரே காட்சியில் உறுதி கூறியிருந்தார். 1982 சூன் 6-இல் இசுரேல் இலெபனானுக்குட் புகுந்தது. தலைநகர் பெய்ரூத்து முற்றுகைக்குள்ளாயிற்று. செப்டம்பரில், சபுரா, சத்தீலா என்னும் ஏதிலியர் குடியிருப்புகளில், இசுரேலோடு கூட்டுச் சேர்ந்த கிறித்தவப் படைக்குழு பன்னூற்றுவரை, பெண்டிரும் பிள்ளைகளும் உட்படக் கொன்று குவித்தது. இசுரேலே அமைத்த உசாவல் ஆணையம் 1983-இல், படைத்துறை அமைச்சர் சரோனுக்கு அதிற் பொறுப்புண்டு என்று கண்டது. ஆண்டு முடிந்தது, உலகம் முடியவில்லை. முடிந்தவை அக் குடியிருப்புகளின் உயிர்களே. உலகழிவு நாள் பொய்த்ததற்காக எவரும் பணத்தைத் திருப்பித் தரவில்லை.

பெயர் மாற்றமே நிலமாற்றம்

மொழியறிஞராகிய நாம் கூர்ந்து நோக்க வேண்டிய இடம் இது. யோர்தான் ஆற்றின் மேற்கேயுள்ள பாலத்தீன நிலம் மேற்குக் கரை எனப்படும். 1967 முதல் அது இசுரேலின் பிடியிலுள்ளது. 1977-இல் பெகின் கட்சி ஆட்சிக்கு வந்தபின் யூதேயா, சமாரியா என்னும் விவிலியப் பெயர்களே அரசின் வாயில் வழங்கலாயின. ஒலிபரப்புப் போதகர் அப் பெயர்களை நாடோறும் ஓதினர். அதன் விளைவென்ன? மேற்குக் கரை என்றால், அங்கு யார் வாழ்கின்றனர் என்று கேட்கத் தோன்றும். யூதேயா என்றால், மூவாயிரம் ஆண்டுக்கு முந்திய அரசர் கண்முன் வருவர். இன்று அங்கு ஒலிவக்காய் பறிக்கும் கிழவி மறைந்துபோவாள். ஒரு சொல்லை மாற்றினால் ஓர் ஊரையே காலி செய்யலாம். பழம்பெயர் வழங்குவது தவறன்று; பழம்பெயரைக் காட்டி இன்றைய குடியை இல்லாதாக்குவதே தவறு.

மைக்கு அக்கபீ என்பவர் திருமுழுக்குச் சவைப் போதகர். ஆர்க்கன்சா மாநில ஆளுநராயிருந்தவர். பின்னர் மும்மைத் தொலைக்காட்சி எனப்படும் கிறித்தவ அலைவரிசையில் தம் பெயராலேயே நிகழ்ச்சி நடத்தியவர். மேற்குக் கரை என்று ஒன்றே இல்லை, யூதேயாவும் சமாரியாவுமே உண்டு என்று 2017-இற் கூறினார். 2025-இல் அவரே இசுரேலுக்கான அமெரிக்கத் தூதராக அமர்த்தப்பட்டார். தொலைக்காட்சி மேடையிலிருந்து தூதரகத்துக்குத் தொலைவு அவ்வளவே!

2018 மே 14-ஆம் நாள் அமெரிக்கத் தூதரகம் எருசலேமுக்கு மாற்றப்பட்டது. தொடக்க வேண்டுதல் செய்தவருள் ஒருவர் தல்லாசு நகர ஒலிபரப்புப் போதகர் இராபர்ட்டு செப்ரசு. இறுதி வாழ்த்துரை கூறியவர் தெக்சாசின் தொலைக்காட்சிப் போதகர் சான் ஏகீ. அதே நாளில் காசா எல்லைவேலியருகே அறுபதின்மர் அளவிற் பாலத்தீனர் சுட்டுக் கொல்லப்பட்டனர். மேடையில் அமைதிக்காக வேண்டினர். வேலியிற் பிணம் விழுந்தது.

இவர்கள் யூதரிடம் அன்பு பூண்டவர் என்று எண்ணுவோரும் உளர். கிறித்துவை ஏற்காத யூதர்க்கு மீட்பில்லை என்று பேசியவர் செப்ரசு. இட்லரை, யூதரைத் தம் மண்ணுக்கு விரட்ட இறைவன் விடுத்த வேட்டைக்காரனாகக் காட்டி ஏகீ ஆற்றிய பழைய உரை 2008-இல் வெளிப்பட்டபோது, அவர் துணை எனக்கு வேண்டா என்று குடியரசுத் தலைவர் வேட்பாளரான மெக்கெயினே விலக்கினார். யூதனும் அரபியும் அவர்கட்கு மாந்தரல்லர்; தாம் முன்பே எழுதிவைத்த கூத்தில் வேடங்கட்டி வருவோர். வேடம் முடிந்ததும் இருவரும் களத்திற் சாக வேண்டியவரே.

அப்படியாயின் அம் மண்ணின் கிறித்தவர் என் சொல்கின்றனர்? 2006-இல் இலெபனான்மீது மீண்டும் போர் நடந்த சூலையில், ஏகீயின் புதிய அமைப்பு வாசிங்டனில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோரைத் திரட்டி இசுரேலுக்கு முழுத்துணை கோரியது. அடுத்த திங்களே எருசலேமின் கத்தோலிக்க, சிரிய, ஆங்கிலிக்க, இலூத்தரத் திருச்சவைத் தலைவர்கள் நால்வர் ஒன்றுகூடி, இக் கோட்பாடு பொய்ப்போதனை, அன்பும் நயனும் அமைதியுமாகிய மறைச்செய்தியைக் கெடுப்பது என்று வெளிப்படையாக மறுத்தனர். கிறித்து நடந்த மண்ணின் ஆயர்கள் அவர்கள். எந்த அலைவரிசை அவர்களை அழைத்துப் பேசவைத்தது?

2023 அத்தோபர் 7-இல் கமாசு படையினர் இசுரேலுக்குட் புகுந்து ஏறத்தாழ ஆயிரத்திருநூற்றுவரைக் கொன்றனர். பலரைப் பிணையாகக் கொண்டு சென்றனர். அது கொடுஞ்செயலே, அதனை மறைத்துப் பேசுவோன் அறம் பேசத் தகான். அதன்பின் காசாவின்மீது நடந்த போரில், 2025-ஆம் ஆண்டின் நடுவிலேயே, அப் பகுதி நலத்துறையின் கணக்குப்படி மாண்டோர் 60,000-ஐக் கடந்தனர். காசாவின் தொன்மையான தூய போர்பிரியர் கோவில் வளாகத்தில் அடைக்கலம் புகுந்திருந்த கிறித்தவர்மேலும் 2023 அத்தோபர் 19-இற் குண்டு விழுந்தது. பதினாறு பேருக்குக் குறையாமல் மாண்டனர். அக் காசாக் கிறித்தவரும் ஊழிமுடிவு நாள்வரிசையில் இடம்பெறாதவரே.

மாயர் மண்ணில்

இது யூதர், அரபியர் சிக்கல் மட்டுமன்று. நடு அமெரிக்காவிற் குவாத்தமாலா என்றொரு நாடு. அங்குத் தொல்குடி மாயர் தத்தம் மொழிகளைப் பேசி வாழ்கின்றனர். இருபதுக்கும் மேற்பட்ட மாய மொழிகள் அங்குண்டு. 1982 மார்ச்சு 23-இல் இரியோசு மாந்து என்னும் படைத்தலைவர் ஆட்சியைக் கவர்ந்தார். கலிபோர்னியாவிலிருந்து வந்த நற்செய்திக் குழுவொன்றில் மறுபிறப்புற்றவர் அவர். ஆட்சியேறிய சின்னாளிலேயே இராபர்ட்சன் அங்குப் பறந்து சென்று, அவரைத் தம் நிகழ்ச்சியில் இறைவனுக்கஞ்சிய தலைவராகக் காட்டினார். ஞாயிறுதோறும் இரியோசு மாந்து தாமே தொலைக்காட்சியில் தோன்றிக் குடும்ப ஒழுக்கம் பற்றி அறவுரை ஆற்றினார். அதே கிழமைகளில் அவர் படை மலைநாட்டு மாயச் சிற்றூர்களை எரித்தது.

1982 திசம்பர் 4-இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் இரீகன் அவரைக் கண்டு பேசி, வீண்பழி சுமந்தவரென்று புகழ்ந்தார். இரு நாளில் தோசு எர்ரெசு என்னும் சிற்றூரில் இருநூற்றுவர் அளவிற் கொல்லப்பட்டனர். மறுமாதம் உலங்கூர்தி உறுப்புகளை விற்க இருந்த தடையை அமெரிக்கா நீக்கிற்று. 1999-இல் வெளியான உண்மையறி ஆணையத்தின் அறிக்கை, முப்பத்தாறாண்டு உள்நாட்டுப் போரில் மாண்டோரும் காணாமற் போனோரும் இரண்டு நூறாயிரம் என்றும், அடையாளங் கண்டவருள் நூற்றுக்கு 83 பேர் மாயர் என்றும் கணித்தது. 2013-இல் இக்சில் மாயர்மேல் இனக்கொலை புரிந்தவரென்று முறைமன்றம் இரியோசு மாந்துக்கு எண்பதாண்டு ஒறுப்பு விதித்தது. பத்தே நாளில் மேல்மன்றம் அதனை நீக்கிற்று. மறு உசாவல் முடியுமுன் 2018-இல் இறந்தார். இக்சில் மொழி பேசிய தாய் ஒருத்தியையேனும் எழுநூற்றுவர் கழகத்தார் அழைத்து, அவள் மொழியிற் பேசவிட்டுக் கேட்டிருப்பின், அப் பொய்ந்நாடகம் ஒருநாளும் நின்றிராது.

அதே நற்செய்தி, அதே வானொலி

இனி இதன் மறுபக்கம் காண்க. குவாத்தமாலாவை அடுத்தது எல் சால்வதோர். அதன் தலைநகர்ப் பேராயர் ஆசுகர் உரோமெரோ. அவரும் ஒலிபரப்பாளரே. ஞாயிறுதோறும் அவர் மறையுரையைத் திருச்சவை வானொலி நாடெங்கும் பரப்பிற்று. அவர் உலகழிவு நாள் குறிக்கவில்லை. பணம் விடுக்க முகவரி கூறவில்லை. அக் கிழமையிற் கொல்லப்பட்டவர் பெயரையும் காணாமற் போனவர் பெயரையும் ஊரோடும் நாளோடும் ஒவ்வொன்றாய்ப் படித்தார். செய்தித்தாள் அச்சிட அஞ்சியதை அவர் வானில் வைத்தார். அதனால் அந் நிலையத்துக்குக் குண்டு வைத்தனர், மீண்டும் எழுப்பினர். 1980 பிப்பிரவரியில் அமெரிக்கத் தலைவர் கார்ட்டருக்கு, எம் நாட்டுப் படைக்கு உதவி விடுக்காதீர் என்று மடல் எழுதினார். மார்ச்சு 23-இல், மக்களைக் கொல்லும் ஆணைக்குப் பணியாதீர் என்று படைவீரரை வானொலியில் வேண்டினார். மறுநாள் மாலை, வழிபாட்டு மேடையிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார்.

ஒரே விவிலியம், ஒரே காலம், ஒரே ஒலிவாங்கி. இராபர்ட்சனுக்கும் உரோமெரோவுக்கும் வேறுபாடு யாது? ஒருவர் அயலான் மண்ணின் சாவை முன்னுரைப்பாக்கினார். மற்றவர் தம் மண்ணின் சாவைப் பெயராக்கினார். பெயரற்ற சாவு கணக்கு. பெயருள்ள சாவு குற்றம். குற்றம் என்றவுடன் குற்றவாளி யாரெனக் கேட்க வேண்டி வரும். அதனாலேயே ஒருவர் செல்வராய் வாழ்ந்து மறைந்தார்; மற்றவர் சுடப்பட்டார்.

இங்கு ஒரு சொல்லாராய்ச்சி இன்றியமையாதது. தமிழ்நாட்டுக் கிறித்தவருட் பலர் தீர்க்கதரிசனம் என்னும் வடசொல்லை வழங்குகின்றனர். நெடுந்தொலை காணல் என்பது அதன் பொருள். அச் சொல்லால், வருவதை முன்கூட்டிச் சொல்லும் குறிகாரனே நெஞ்சில் வந்து நிற்கின்றான். எபிரேயத்தில் நபி என்பதற்கு அழைக்கப்பட்டவன், எடுத்துரைப்போன் என்றே அறிஞர் பொருள் கூறுவர். இறைமொழியர் என்று நாம் தூய தமிழில் வழங்கின் எத்துணைத் தெளிவு! நாபோத்து என்னும் எளியவனைக் கொல்வித்து அவன் கொடிமுந்திரித் தோட்டத்தைக் கவர்ந்த ஆகாபு அரசனின் முகத்துக்கு நேரே நின்று இடித்துரைத்த எலியா இறைமொழியர். தன் அரசனின் நிலப்பறிப்பைத் தட்டிக் கேட்டவரே பழைய இறைமொழியர். நிலப்பறிப்புக்கு மறை காட்டுவோர் இற்றைத் தீர்க்கதரிசிகள். சொற்பிழை சிறு பிழையென்று நகைப்போர் இதனை எண்ணுக.

நம் கூடத்தில்

இவையெல்லாம் கடலுக்கப்பாற் கதையென்று இருந்துவிட இயலாது. அயல்நாட்டுப் போதகர் நிகழ்ச்சிகள் இன்று தமிழிற் பெயர்க்கப்பட்டு நம் வீடுகளுக்குள்ளும் வருகின்றன. அண்மையில் என்னிடம் பயின்ற மாணவி ஒருத்தியைக் கண்டேன். இரு மக்கட்குத் தாய், எறும்புக்கும் இரங்குபவள். காசாவில் இடிபாட்டிலிருந்து பிள்ளைகளைத் தூக்கிவரும் படம் பற்றிப் பேச்சு வந்தது. "பார்க்க முடியவில்லை ஐயா. ஆனால் இதெல்லாம் நடந்தே தீரவேண்டும் என்று எழுதியிருக்கிறதாமே. நாம் என்ன செய்வது?" என்றாள். யார் சொன்னார் என்றேன். கூடத்துத் தொலைக்காட்சிப் பெட்டியைக் காட்டினாள். அவள் கண்ணில் நீர் இருந்தது. அந் நீர் விழுமுன்னே அதனைத் துடைத்துவிட்டிருந்தது அக் கோட்பாடு. கொடியவனைக் கொடியவனாக்க ஒலிபரப்பு வேண்டுவதில்லை. நல்லவளைக் கைகட்டி நிற்கச் செய்யவே அது வேண்டும்.

கிறித்தவ அலைவரிசை மட்டுமே இது செய்கிறதென்று பிற சமயத்தார் மகிழ வேண்டா. அயல்நாட்டுப் போரை எந்தச் சமயத்தான் தன் சமயத்துக்குக் கிடைத்த வெற்றியாகக் காட்டி மகிழ்ச்சி விற்பினும் அது அதே கடைச்சரக்கே.

தமிழர்க்கு இதில் தனிக் கடமையுண்டு. 2009-இல் முள்ளிவாய்க்காலில் நம் இனம் அழிக்கப்பட்டபோது அதற்கு மாந்தநேய மீட்பு என்று பெயர் வைத்தனர். பாதுகாப்பு வளையம் என்று பெயரிட்ட இடத்திலேயே எறிகணை விழுந்தது. சொல்லால் மறைக்கப்பட்ட சாவு எத்தகையதென்று நாம் பட்டறிந்தோம். அன்றும் ஒரு மறைப்பணியாளர் நமக்காக எண்ணிச் சொன்னார். மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு 2011 சனவரியில் இலங்கை அரசின் ஆணையத்தின் முன் தோன்றி, அரசின் கணக்குகளையே ஒன்றோடொன்று கழித்துக் காட்டி, 1,46,679 பேர் என்னானார் என்று கேட்டார். இன்றுவரை விடையில்லை. உரோமெரோவின் வழி அது; எலியாவின் வழி அது. அவ்வாறு ஓர் ஆயர் நமக்காக எண்ணியதை நன்றியோடு நினைக்கும் நாம், பிறர் சாவை எண்ணாது விடலாமோ?

வள்ளுவர் கேள்வி அதிகாரத்தை அடுத்து அறிவுடைமை அதிகாரத்தை வைத்தார். கேட்டல் முதற்படி, கேட்டதை ஆய்தல் அடுத்த படி. முதற்படியிலேயே நின்றுவிடுவோனைக் கேட்டான் என்று சொல்லலாம். அறிந்தான் என்று சொல்லலாகாது. ஆகலின் தமிழரே! உங்கள் வீட்டில் எக் குரல் இறைவன் பெயரால் அயல்நாட்டுப் போரைப் பற்றிப் பேசினும் இவற்றைக் கேளுங்கள். அம் மண்ணில் இன்று வாழ்வோன் தன் ஊருக்கு வழங்கும் பெயரை இக் குரல் சொல்கிறதா? அங்கு மாண்டவருள் ஒருவர் பெயரையேனும் சொல்கிறதா? அம் மண்ணில் வாழும் அச் சமயத்தாரையேனும் பேசவிடுகிறதா? சாவைக் கேட்டுத் துடிக்கச் சொல்கிறதா, தலைவிதியென்று அடங்கச் சொல்கிறதா? இறுதியில் யாருக்குப் பணம் விடுக்கச் சொல்கிறது?

இவற்றுக்கு விடை கூறாத குரலை அடைத்துவிடுங்கள். பெட்டியை அடைக்கும் திருகு நம் கையில் உள்ளது. அடைத்தபின் வரும் அமைதியில், தொலைவில் ஒரு தாய் தன் மகனைப் பெயர் சொல்லி அழைப்பது நமக்குக் கேட்கும். அவள் மொழி நமக்குப் புரியாது, அழைப்புப் புரியும்.